பழசைப் படிக்கும்... புதுசைப் பார்க்காது!

தட்டு உள்ளே போகுது. ‘வ்ர்ர்ர்... டக்... டக்... வ்ர்ர்ர்’னு ஒரு முனகல். பச்சை விளக்கு பத்துத் தடவை கண்ணடிக்குது. அப்புறம் கப்சிப். திரையில் ரொம்ப மரியாதையாக ஒரு வரி... ‘தயவுசெய்து டிஸ்க்கைச் செருகவும்.’

“போட்டுத்தாம்ல இருக்கேன், சவமே!” என்று கம்ப்யூட்டரைப் பார்த்தே கத்திவிட்டார் அண்ணாச்சி.

இடம்: கூடங்குளத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. நேரம்: ராத்திரி ஏழரை. மறுநாள் காலையில் வள்ளியூர் வக்கீல் ஆபீஸில் நாலு சி.டி. கொடுத்தாகணும். சித்தப்பாவை ஒரு லாரி இடித்துவிட்டது. காலில் கம்பி வைத்து, கட்டிலில் கிடக்கிறார். ‘அவர்தான் ராங் சைடில் வந்தார்’ என்கிறது எதிர்த்தரப்பு. இல்லை என்று சொல்ல இருக்கிற ஒரே சாட்சி, ரோட்டோர பெட்ரோல் பங்க் கேமராவில் பதிவான ஆறு நிமிஷ வீடியோ. கேமரா ரெக்கார்டர்கள் இடம் தீர்ந்ததும் பழசை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிக்கொள்ளும் என்பதால், முதல் வாரமே அதை பென் டிரைவில் வாங்கி வைத்தாயிற்று. வக்கீல் சொன்னது இதுதான்: “கோர்ட்டுக்கு ஒண்ணு, எதிர்த்தரப்புக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. சி.டி.யா கொண்டாந்துரு தம்பி.”

என் லேப்டாப்பில் சி.டி. டிரைவே கிடையாது. உங்க லேப்டாப்பிலும் இருக்காது. அண்ணாச்சியிடம் இருப்பது பழைய அசெம்பிள்டு சிஸ்டம். அதில் ஒரு டி.வி.டி. ரைட்டர். 2006-ல் எடுத்த கல்யாண டி.வி.டி.யைப் போட்டால் மாப்பிள்ளை, பெண்ணு, மேளக்காரர் எல்லாரும் ஜம்மென்று வந்து நிற்கிறார்கள். காலி சி.டி.யைப் போட்டால் மட்டும், ‘செருகவும்’!

“நீ இன்ஜினியரிங்தானலே படிக்க? பாரு என்னன்னு” என்று நாற்காலியைத் தள்ளினார் அண்ணாச்சி. மக்களே, உலகத்திலேயே பயங்கரமான கேள்வி இது. மூணு வருஷமாக நெட்வொர்க் தியரி படித்தவனுக்கு, ஒரு சி.டி. தட்டின் முன்னாடி உட்கார்ந்தபோது வியர்த்துவிட்டது.

“இந்தக் காலத்துல யாருப்பா சி.டி.?” என்று நீங்க கேட்பது காதில் விழுது. ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களைக் கேளுங்க. கோர்ட் படி ஏறியவர்களைக் கேளுங்க. சட்டம் பென் டிரைவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், ஒருமுறை எழுதி மூடிய சி.டி.யை அப்புறம் யாரும் திருத்த முடியாது. பென் டிரைவில் ஃபைலை மாற்றி வைக்க ஒரு நிமிஷம் போதும். இந்த சி.டி. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும்கூடப் போயிருக்கு. கேரளாவில் 2011 சட்டமன்றத் தேர்தல் வழக்கு ஒன்றில் பிரசாரப் பாட்டையும் பேச்சையும் சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். உரிய சான்றிதழ் இல்லாததால் அந்த சி.டி.க்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2014 செப்டம்பரில் தீர்ப்பானது. அன்வர் - பஷீர் வழக்கு என்றால் எந்த வக்கீலுக்கும் தெரியும். அப்போது அது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதன் இடத்தில் 63-ம் பிரிவு. சான்றிதழ் வேலையை வக்கீல் பார்த்துக்கொண்டார். சி.டி. வேலை என் தலையில்!

பென் டிரைவ் என்றால் பலர் முகம் சுளிக்க இன்னொரு காரணமும் உண்டு. வைரஸ். 2010-ல் உலகத்தையே கலக்கிய ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு சேராத கம்ப்யூட்டர்களுக்குள் பென் டிரைவ் வழியாகவும் நுழைந்தது. எங்க ஊர் அணுமின் நிலையத்தின் பெயரும் 2019-ல் இப்படி ஒரு செய்தியில் அடிபட்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீய மென்பொருள் இருந்ததை, அந்த அக்டோபர் 30-ல் அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனி, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அது பென் டிரைவில் வந்தது என்று நான் சொல்லவில்லை, கதை கட்டிவிடாதீங்க! ஆனால் அதற்கப்புறம் எங்க ஊரில் டீக்கடை வரைக்கும் வைரஸ் பேச்சுதான்.

சரி, தட்டுக்கு வருவோம்.

“புது ரைட்டர் வாங்கிருவோமா?” என்றார் அண்ணாச்சி. அந்த நேரத்தில் வள்ளியூரோ நாகர்கோவிலோ போய்ச் சேர்வதற்குள் கடை ஷட்டர் இறங்கியிருக்கும். அதைவிட, எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கெட்டுப்போன டிரைவ் என்றால் எதையுமே படிக்கக்கூடாதே? பழசைப் படித்துவிட்டு, புதுசை மட்டும் ஏன் ‘இல்லை’ என்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

காலி சி.டி. என்று நாம் சொல்வது, காலியே இல்லை! தொழிற்சாலையிலேயே அதில் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் வரைக்கும் ஒரே ஒரு பள்ளக்கோட்டைச் சுருளாக இழுத்து அனுப்புகிறார்கள். பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். டி.வி.டி.யில் அது பதினொரு கிலோமீட்டருக்கும் மேலே. இந்தக் கோடு நேராகப் போகாது. ஏர் ஓட்டத் தெரியாதவன் போட்ட உழவுசால் மாதிரி இடமும் வலமும் லேசாக நெளிந்துகொண்டே போகும். அந்த நெளிவில்தான் ரகசியம் இருக்கு. டிஸ்க்கைத் தயாரித்தது யார், எவ்வளவு கொள்ளும், எழுத லேசருக்கு எவ்வளவு சக்தி வேண்டும், இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம்... எல்லாம் அந்த நெளிவுக்குள் ஒளித்து வைத்த சங்கேதம். இந்தச் சங்கேதத்துக்கு சி.டி.யில் ஏடிப், டி.வி.டி. பிளஸ் வகையில் ஆடிப் என்று பெயர். டி.வி.டி. மைனஸ் வகையில் வரப்பு மேல் சின்னச் சின்னக் குழியாகக் குறித்து வைத்திருப்பார்கள்.

நெளிவு எவ்வளவு தெரியுமா? சி.டி.யில் ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் நடுவே இருப்பது சுமார் 1,600 நானோமீட்டர். நெளிவு வெறும் 30 நானோமீட்டர் சுமார்! ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இப்போ யோசிங்க. கம்பெனியில் அச்சடித்த படம், பாட்டு சி.டி. என்றால் குழி, மேடு எல்லாம் பளிச்சென்று இருக்கும். லேசர் ஓரளவு மங்கலாக இருந்தாலும் படித்துவிடும். ஏற்கெனவே எழுதிய டி.வி.டி.யிலும் கறுப்பு வெள்ளை மாதிரி வித்தியாசம் தெரியும். காலி டிஸ்க்கில் அதெல்லாம் கிடையாது. அந்த நெளிவைத் தடவித்தான் ‘இங்கே ஒரு டிஸ்க் இருக்கு’ என்றே கண்டுபிடிக்கணும். கண்ணாடி போடாத தாத்தா பஸ்ஸின் ஊர்ப் பெயரைப் படித்துவிடுவார், டிக்கெட்டில் அச்சடித்த பொடி எழுத்தைப் படிக்க மாட்டார் இல்லையா, அதே கதைதான்.

ஆக, பழசைப் படித்து புதுசை மறுக்கிற ரைட்டர் செத்துவிடவில்லை. அதுக்குக் கண் மங்கியிருக்கலாம். இல்லாவிட்டால் எழுத்து மங்கியிருக்கலாம், அதாவது டிஸ்க் கெட்டிருக்கலாம். இல்லாவிட்டால் நடுவில் நிற்கிற மென்பொருள் மறைக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதுக்கு முன்னாடி, ரொம்பப் பேர் விழுகிற ஒரு குழி. டிரைவின் முகத்தில் என்ன எழுதியிருக்கு என்று பாருங்க. அந்தக் காலத்தில் ‘காம்போ டிரைவ்’ என்று ஒன்று வந்தது. டி.வி.டி.யைப் படிக்கும், ஆனால் சி.டி.யில் மட்டும்தான் எழுதும். அதில் காலி டி.வி.டி.யைப் போட்டால் இதே ‘செருகவும்’தான். ஹாஸ்டலில் ஒரு நண்பன் காயலான் கடையில் எடுத்த டிரைவை வைத்து அரை நாள் மல்லுக்கட்டினான். கடைசியில் முகப்பைத் துடைத்துப் பார்த்தால் காம்போ! பிளஸ், மைனஸ் சண்டையும் அப்படித்தான். டி.வி.டி. ரைட்டர்கள் வந்த புதிதில் சில டிரைவ் மைனஸ் வகையை மட்டும் ஏற்கும், சில பிளஸ் வகையை மட்டும். பிறகு வந்தவை இரண்டையும் ஏற்றன. இரட்டை அடுக்கு டிஸ்க்கைப் பழைய ரைட்டருக்குக் கொடுத்தாலும் திருதிருவென்று முழிக்கும். அண்ணாச்சியின் ரைட்டர் எல்லா வகையும் எழுதும் ரகம். எனவே இது நம்ம குழி இல்லை.

அடுத்து டிஸ்க். அண்ணாச்சி எடுத்து நீட்டியது ஐம்பது சி.டி. அடுக்கிய டப்பா, முக்கால்வாசி மிச்சம். அதிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு போட்டுப் பார்த்தோம். ஏழும் ‘இல்லை’. “அப்போ ரைட்டர்தாம்லே போச்சு” என்றார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், ஒரே பானையில் ஏழு சோறு எடுத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வந்த சரக்கு. வேற பானை வேணும்!

எழுதாத சி.டி.க்கும் வயசு உண்டு. அதில் ஒரு சாய அடுக்கு இருக்கு. லேசர் அதைச் சுட்டுத்தான் எழுதுகிறது. ‘எரிக்கிறது’ என்று சொல்வது சும்மா இல்லை. வெயில், வெக்கை, ஈரம் மூன்றும் சாயத்துக்கு எதிரி. டப்பா இருந்த இடம் மேற்கு ஜன்னல் ஓரம். பத்து வருஷத்து மத்தியான வெயில் அதன் மேல் விழுந்திருக்கு. மேலே இருக்கும் சில்வர் பூச்சில் ஓரமாகப் பொடிப் பொடி ஓட்டை. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரிந்தது!

உங்க வீட்டுக்காரர்கள் மோசர் பேயர் டப்பா வாங்கியிருப்பாங்க. உலகத்திலேயே பெரிய காலி டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்று அது, நொய்டா பக்கத்துக் கம்பெனி. 2007-ல் தமிழ்ப் படங்களை 28 ரூபாய்க்கு வி.சி.டி.யாக, 34 ரூபாய்க்கு டி.வி.டி.யாக விற்றுத் திருட்டு சி.டி.க்காரர்களையே மிரளவைத்த கம்பெனி. 2018-ல் அதைக் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. 1988-ல் சி.டி.-ஆரை உருவாக்கிக் காட்டிய ஜப்பானின் தையோ யூடன் 2015-ல் டிஸ்க் தொழிலையே விட்டது. எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. கடையில் இன்றைக்கு நீங்க வாங்குகிற டப்பா புதுசா, எங்கோ குடோனில் தூங்கிய பழசா என்பது டப்பாவுக்கே வெளிச்சம். அதனால் ஐம்பதாக வாங்காதீங்க. ஐந்து வாங்கி, சோதித்துவிட்டு, பிறகு மிச்சம்.

பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்காரர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். கெஞ்சி, பரணில் தேடவைத்து, வேறு பிராண்டு சி.டி. நாலு வாங்கினேன். நாலே நாலுதான் இருந்தது. அண்ணாச்சியின் மேஜை டிராயரில் ஒரு காலி டி.வி.டி.யும் அகப்பட்டது.

டி.வி.டி.யைப் போட்டதும் டக்கென்று அடையாளம் கண்டுகொண்டது! அண்ணாச்சி முகத்தில் ஆயிரம் வாட்ஸ். ஆனால் இருப்பது ஒன்று, வேண்டியது நாலு. புது சி.டி.யைப் போட்டேன். முதல் தடவை, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது தடவை முக்கால் நிமிஷம் முனகிவிட்டு ‘காலி சி.டி.’ என்றது. எடுத்துத் திரும்பப் போட்டால் மறுபடி இல்லை.

இதைத்தான் தடயம் என்பது. டி.வி.டி. ரைட்டருக்குள் சி.டி.க்கு ஒரு லேசர், டி.வி.டி.க்கு ஒரு லேசர். சி.டி.க்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு. உங்க ரைட்டர் சி.டி. மட்டும் எடுக்கவில்லை, அல்லது டி.வி.டி. மட்டும் எடுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் களைத்துவிட்டது என்று சந்தேகப்படலாம். ஆனால் இரண்டும் வெளியே வருவது ஒரே லென்ஸ் வழியாக. லென்ஸில் அழுக்கு என்றால் இரண்டுக்குமே பாதிப்புதான், ஏற்கெனவே பலம் குறைந்தது முதலில் படுத்துக்கொள்ளும். ‘சில சமயம் எடுக்குது, சில சமயம் எடுக்கலை’ என்பது முழுக்கச் செத்த லேசரின் குணம் இல்லை.

இன்னொன்று. இப்படிப் போட்டுப் போட்டு எடுத்தால் டிஸ்க் வீணாகிவிடுமோ என்று அண்ணாச்சிக்கு பயம். ஆகாது. அடையாளம் பார்ப்பது வெறும் படிப்பு. எழுத ஆரம்பிக்கும்போதுதான் உள்வட்டத்தில் ஓர் ஓரத்தில் லேசர் தன் சக்தியைச் சுட்டுச் சோதிக்கும். சி.டி.யில் அதுக்கே நூறு தடவைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘பவர் கேலிபரேஷன் எரர்’ என்று உங்களுக்கு வந்திருந்தால் அது இந்தக் கட்டம். டிஸ்க்கை அடையாளம் கண்டாச்சு, எழுதத்தான் தெம்பு இல்லை என்று அர்த்தம். ‘செருகவும்’ வேற வியாதி, இது வேற வியாதி.

மென்பொருள் மேலும் ஒரு கண் வைத்தேன். நீரோ போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிற ‘சி.டி.யை பென் டிரைவ் மாதிரி ஆக்குறேன்’ வகையறாக்கள், பொய் டிரைவ் காட்டுகிற புரோகிராம்கள், இவையெல்லாம் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீக்கினாலும் வால் மிச்சமிருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அதைப் புதுசாகச் சேர்த்துக்கொள்ளும். பல பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இன்னமும் எக்ஸ்.பி. ஓடுகிற கம்ப்யூட்டர் என்றால் டிரைவின் பிராப்பர்ட்டீஸில் ‘ரெக்கார்டிங்’ பக்கத்தில் டிக் இருக்கா என்றும் பாருங்க.

ஆனால் இப்படி ஒவ்வொன்றாக நோண்டுவதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கு. உபுண்டு போட்ட பென் டிரைவ் எப்பவும் என் பையில் கிடக்கும். அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி அதே சி.டி.யைப் போடுங்க. லினக்ஸில் எடுத்து விண்டோஸில் எடுக்கவில்லையா? தப்பு விண்டோஸ் மேல். இரண்டிலும் எடுக்கவில்லையா? ஸ்க்ரூடிரைவரைத் தேடுங்க. எங்களுக்கு இரண்டிலும் அதே முனகல். தேடினோம்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, டிரைவுக்குப் போகும் கேபிள் இரண்டையும் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை. நீங்க யு.எஸ்.பி.யில் மாட்டுகிற வெளி ரைட்டர் வைத்திருந்தால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான் வரணும். பழைய யு.எஸ்.பி. துளை ஒன்று தருவது அரை ஆம்பியர். டிஸ்க்கைச் சுழற்றி நெளிவைத் தேடும்போது அது பத்தாமல் போகலாம். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் மாட்டுங்க. இரட்டை வால் கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு வாலையும் மாட்டுங்க, ஒன்றைத் தொங்கவிடாதீங்க.

கடைசியில் லென்ஸ். எங்க ஊரில் காற்று சும்மா வராது. உப்பையும் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டுதான் வரும். ஆடி மாசம் ஸ்டுடியோ கண்ணாடியைத் துடைத்தால் துணி நரநரவென்று இருக்கும். இரும்பு கேட் எல்லாம் வருஷத்துக்கு ஒருதரம் பெயின்ட் கேட்கும். அப்படிப்பட்ட காற்றை ஒரு டஜன் வருஷம் குடித்த டிரைவ் இது.

சின்ன பிரஷ் ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர் சி.டி.’ கடையில் கிடைக்கும். முதலில் அதை முயற்சி பண்ணுங்க. எங்களிடம் அது இல்லை. லேப்டாப் டிரைவ் என்றால் தட்டோடு லென்ஸும் வெளியே வந்துவிடும், சுலபம். டெஸ்க்டாப் டிரைவைப் பெட்டியிலிருந்து கழற்றி, முன்னால் இருக்கும் ஊசித் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைக் குத்தித் தட்டை வெளியே இழுத்து, அடியில் நாலு ஸ்க்ரூ எடுக்கணும். வாரன்டி இருந்தால் அது போச்சு. ரொம்ப முக்கியம்: திறந்த நிலையில் கரன்ட் கொடுக்கவே கூடாது. எழுதும் லேசர் சாயத்தையே சுடுகிறது, கண்ணை விட்டுவைக்குமா? அதிலும் அகச்சிவப்பு வெளியே வருவதே தெரியாது.

“செண்ட் போட்டுத் தொடப்பமா?” என்றார் அண்ணாச்சி. செண்ட் கூடாது. கொரோனா காலத்து சானிட்டைசர் பாட்டிலை எடுத்தார். அதுவும் கூடாது, அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுக்குப் படிந்துவிடும். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் வேண்டவே வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக், கரைந்துபோகும். எச்சில்... சிரிக்காதீங்க, செய்கிறவர்கள் இருக்காங்க! தேவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடையில் ‘ஐ.பி.ஏ.’ என்று கேட்டால் தெரியும். எதிர்க்கடைத் தம்பி ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பட்ஸின் பஞ்சை அதில் தொட்டு, உதறி, லென்ஸ் மேல் மயிலிறகு மாதிரி இரண்டு சுற்று. அழுத்தக் கூடாது. அந்த லென்ஸ் தலைமுடி மாதிரிக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கு. பஞ்சில் வந்தது கறுப்பு இல்லை, மங்கிய பழுப்பு. காய்ந்த பஞ்சால் ஒரு சுற்று, பத்து நிமிஷம் ஆறவிட்டு, மூடி, மாட்டி, உயிர் கொடுத்தோம்.

புது சி.டி.யைப் போட்டேன். ஆறே விநாடி... ‘காலி சி.டி., 700 எம்.பி.’. எடுத்துப் போட்டேன், மறுபடி வந்தது. ஐந்து தடவையும் வந்தது! கையோடு பழைய டப்பாவிலிருந்து ஒன்றைப் போட்டால்... ‘செருகவும்’.

அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு. லென்ஸும் அழுக்கு, டப்பாவும் காலாவதி. டப்பாவை மட்டும் மாற்றியிருந்தால் மூன்றில் ஒரு தடவை எடுத்து வெறுப்பேற்றியிருக்கும். லென்ஸை மட்டும் துடைத்துவிட்டுப் பழைய டப்பாவையே போட்டிருந்தால், ‘துடைச்சும் சரியாகலை’ என்று நல்ல ரைட்டரைக் குப்பையில் வீசியிருப்போம். ஒன்றை மாற்றும்போது மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்க்கணும் என்று லேப் ரெக்கார்டில் நான் எத்தனையோ தடவை காப்பியடித்து எழுதியிருக்கேன். அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுதும் வேகத்தை 16-ல் வைத்தேன். 52-க்குப் போகாதீங்க. ‘குறைந்த வேகம்தான் நல்லது’ என்று ஒன்றிலும் வைக்காதீங்க, இந்த டிஸ்க்குகள் அந்த வேகத்துக்குத் தயாரானவை இல்லை. எழுதி முடித்ததும் ‘சரிபார்’ கட்டாயம். முதல் சி.டி. ஓகே. இரண்டாவது ஓகே. மூன்றாவது 60 சதவிகிதத்தில்... கரன்ட் கட்!

ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகிற ஊர் சார் இது. முதல் உலை மின்தொகுப்பில் சேர்ந்தது 2013-ல், இரண்டாவது 2016-ல். எங்க தெருவுக்குள் வருகிற கரன்ட் மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான். அண்ணாச்சியின் யு.பி.எஸ். ‘பீப்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது. பாதி எழுதிய சி.டி. இனி டீ கிளாஸ் வைக்கத்தான். இருட்டில் சித்தி போன் பண்ணி, “ஆச்சாப்பா?” என்றார். “ஆயிட்டே இருக்கு சித்தி” என்றேன், குரல் நடுங்காமல்.

அரை மணி நேரம் கழித்து கரன்ட் வந்தது. மிச்சம் ஒரு சி.டி., அந்த ஒரு டி.வி.டி. இரண்டிலும் எழுதினோம். மூன்றும் ஒன்றும் நாலு! பிறகு பென் டிரைவில் இருந்த ஃபைலுக்கும் நாலு டிஸ்க்கில் இருந்ததுக்கும் ‘ஹேஷ்’ எடுத்து ஒப்பிட்டேன். ஃபைலின் கைரேகை மாதிரி, 64 எழுத்து. ஒரு புள்ளி மாறினாலும் முழுசும் மாறிவிடும். விண்டோஸிலேயே அதுக்குக் கருவி இருக்கு. புதிய சட்டத்தின் சான்றிதழ் படிவத்தில் அதை எழுதவும் இடம் உண்டு. ஐந்தும் ஒன்றாக இருந்தது. டிஸ்க் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீங்க, மேல்பூச்சு கீறிவிடும். மார்க்கரால் தேதி மட்டும் போட்டேன்.

காலையில் வள்ளியூர். வக்கீலின் ஜூனியர் சி.டி.யை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் லேப்டாப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் டிரைவே இல்லை! பக்கத்து டைப்பிங் சென்டரில் போட்டுப் பார்த்தோம். லாரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. வழக்கு இன்னும் நடக்குது, அதனால் அதுக்கு மேல் சொல்லக்கூடாது.

சாயங்காலம் டிரைவின் நாலு ஸ்க்ரூவில் விட்டுப்போன ஒன்றைக் கொடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். அண்ணாச்சி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரிசை வரிசையாகக் கல்யாண டி.வி.டி.க்கள். கூடங்குளம், இடிந்தகரை, விஜயாபதி, ராதாபுரம் என்று ஊர்வாரியாக. கல்யாணம் எடுத்த டேப்பையெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு அழித்து அழித்து எடுத்ததால், பல குடும்பங்களுக்கு இருப்பது இந்த ஒரு டிஸ்க்தான். அவர் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார், நான் காட்டிக் கொடுத்த மாதிரியே. ஓரத்தில் இரண்டு நட்சத்திரம்.

“இதுல இருக்க ஆச்சி, தாத்தா பாதிப் பேரு இப்ப இல்லலே” என்றார். “படிக்கது வரைக்கும் படிக்கட்டும். ஹார்டு டிஸ்க்கு ஒண்ணு வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம வா, 2006-லேர்ந்து ஆரம்பிப்போம். அந்தப் பஞ்சு, மருந்தெல்லாம் எடுத்துட்டு வந்துரு.”